ஏரிக்கு உடையவர் யார்?

(படப்பையில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது சங்கத்தின் சென்ற கூட்டத்தில் அன்பர் சிலர் ஒரு யோசனை கொண்டுவந்தனர். கலியாண மண்டப வரவில் செலவு போக எஞ்சி நிற்கும் பொருளில் ஒரு பகுதியை, நம் பக்கத்து ஏரியொன்றன் வரத்துக்காலைத் துப்புரவு செய்யக் கொடுத்தால் என்ன என்பதே அந்த யோசனை. சர்க்கார் அதிகாரிகளும் அத்தகைய உதவியை வரவேற்பர் என்றும், கரையில் சங்கத்தின் பெயர் பொறித்த கல்லொன்று நாட்டிக்கொள்ளலாம் என்றும் கூறப்பட்டது. யோசனை நல்லதே. ஆயினும் அதனை அங்கீகரிக்குமுன், ஊர் அபிவிருத்தி வேலைகளில் சர்க்காரும் சர்க்கார் சாராத ஸ்தாபனங்களும் இதுகாறும் எவ்வாறு கூடி உழைத்தன, அக்கூட்டில் யார் எதைக் கொடுத்தனர், யார் எதைக் கொடாமல் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர் என்பதை ஆராய்தல் வேண்டும் என்று நிர்வாக சபையார் கருதினர். அதன்பொருட்டே யாம் இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

ஏரி என்றவுடன் இந்தச் சீமையாருக்கு வேறு விளக்கம் வேண்டா. பாலாறு ஆண்டிற் பல மாதம் வெறும் மணலாய்க் கிடக்க, நம் முன்னோர் வானத்து நீரைக் கரைகட்டித் தேக்கியே நெல் விளைத்தனர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகள் உள என்பர். பிரிக்கப்படுமுன் இருந்த காஞ்சிபுரம் ஜில்லாவில், பொதுப்பணி இலாகாவின் பொறுப்பில் இருந்தவை மாத்திரம் 900-க்கு மேல். அவை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் அமைந்தவை. மேலேரியின் கலங்கல் வழிந்தால் அதுவே கீழேரிக்கு வரத்து. மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் கோடி போகும் நீர் திரண்டுதான் அடையாறாகிப் பட்டணத்தின் ஊடே சென்று கடலிற் கலக்கின்றது.

அந்த மணிமங்கலத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். பல்லவன் நரசிம்மவர்மன் சளுக்கியன் புலிகேசியை முறியடித்த களங்களுள் ஒன்றென்று சாசனம் கூறும் பழம்பதி அது. அவ்வூரில் 2017-ஆம் வருஷம் மார்ச்சு 13-ஆம் தேதி, அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் தவணையில் 30 ஜில்லாக்களில் 1,519 வேலைகளுக்காக 100 கோடி ரூபாய் ஒதுக்கினர். நூற்றுக்குப் பத்துப் பங்கைக் குடிகள் பணமாகவோ, பொருளாகவோ, உடலுழைப்பாகவோ தரவேண்டும். வேலையை ஒப்பந்தப் புள்ளி கோராமல் ஆயக்கட்டுதாரர் சங்கத்திற்கே நேரே கொடுப்பது என்பது ஏற்பாடு. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு வேலைக்குச் சராசரி ஆறரை லட்சத்திற்குச் சற்று மேல். அதிற் குடிகளின் பங்கு ஏறத்தாழ 65,000 ரூபாய். 2019–20-ஆம் ஆண்டில் இத்திட்டம் 1,829 வேலைகளாகவும், ஏறக்குறைய 500 கோடி ரூபாயாகவும் வளர்ந்தது.

குடிமராமத்து என்ற பெயரைக் கேட்டதும் முதியோர் முகம் மலர்ந்தது. குடி என்பது நம் சொல். மராமத்து என்பது நவாபு காலத்தில் வழங்கி வந்த அரபுச் சொல். குடிகளும் சர்க்காரும் கூடிச் செய்யும் காரியம் என்பது அப்பெயரிலேயே ஒட்டிக்கிடக்கின்றது. ஆனால் அக்கூட்டு எவ்வகைக் கூட்டு?

உத்தரமேரூர் நமக்கு அயலூரன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறித்த கல்வெட்டுக்கள் அங்கே உள. ஊரிலுள்ள 30 குடும்புகளினின்றும் குடவோலை வழியாக ஆட்களைத் தேர்ந்து, சம்வத்சர வாரியத்திற்கு 12 பேர், தோட்ட வாரியத்திற்கு 12 பேர், ஏரி வாரியத்திற்கு 6 பேர் என அமர்த்தினர். முந்திய மூன்றாண்டுகளில் வாரியஞ் செய்தவர் மீண்டும் வரலாகாது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் மாத்திரமன்று, அவனுடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர். ஊர்ப்பொருளை எடுத்துச் செலவிட்டவன் கணக்குக் கொடாவிடின் அவன் மைத்துனனுக்கும் பதவியில்லை என்ற விதியை இன்று எந்த ஸ்தாபனம் ஏற்கும் என்பது எமக்கு விளங்கவில்லை. நம் சங்கத்தையும் சேர்த்தே கூறுகின்றோம்.

அக்கல்வெட்டைப் புகழ்வோர் அதன் மற்றப் பாகத்தை வாசியாது விடுவதுண்டு. கால்வேலிக்கு மேல் இறைநிலம் உடையவரும், தம் மனையில் வீடு கட்டியிருப்பவரும், வேதம் ஓதியவருமே குடவோலைக்குத் தகுந்தவர். அவ்வூர் ஒரு சதுர்வேதிமங்கலம். ஒரே வகுப்பாரின் சபை அது. ஏரிக்குள் இறங்கி மண் வெட்டியவன் பெயர் அந்தக் குடத்தில் விழவில்லை; அம்மண்ணைக் கூடையிற் சுமந்தவளின் பெயரும் விழவில்லை. ஒரு வகுப்பாரின் சங்கம் ஏரியை நன்றாய்ப் பேணக்கூடும் என்பதற்கும் அது சான்று. அவ்வாறு பேணுகையில் யார் யார் புறத்தே நிறுத்தப்படுவர் என்பதற்கும் அதுவே சான்று.

நிற்க. கும்பெனியார் 1763-இல் நவாபிடம் செங்கற்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்றபின், 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்பவர் ஏறத்தாழ 2,000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். அக்கணக்கால் ஒரு முக்கியமான செய்தி தெரியவருகின்றது. நெல் களத்திற் குவிந்ததும், மேல்வாரம் குடிவாரம் என்று பிரிக்குமுன்னரே, கோயிலுக்கும், கணக்கனுக்கும், தச்சன் கொல்லனுக்கும், வெட்டியானுக்கும், ஏரிக்கும் என்று மேரை அளந்து ஒதுக்கினர். இவையன்றி மானிய நிலங்களும் இருந்தன. ஏரி மராமத்துக்கு வேண்டிய பொருள் சர்க்கார் கஜானாவிற்குப் போய்த் திரும்பி வரவில்லை; கஜானாவிற்குப் போகுமுன்னரே ஊரில் தங்கிவிட்டது. ஊரார்க்கு உழைப்பும் இருந்தது. அவ்வுழைப்பை ஏவும் அதிகாரமும் பொருளும் இருந்தன. அந்த அதிகாரம் ஊரில் எல்லார்க்கும் சமமாக இருந்ததென்று எவரும் எண்ண வேண்டா. மிராசுதாரன் மிராசுதாரனே, பண்ணையாள் பண்ணையாளே.

கும்பெனி ஆட்சி வேரூன்றியபின் இந்த ஒதுக்கீடுகள் சிறிதுசிறிதாய்ச் சர்க்கார் வருமானத்துள் அடங்கின. ஏரிகளைப் பழுதுபார்க்கும் கடமை கலெக்டர்களுக்கு வந்தது. 1794 முதல் 1798 வரை ஜாகீர் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரை மதுராந்தகத்து ஏரிக்கரையைப் பலப்படுத்திய கதை யாவரும் அறிந்ததே. பெருமழை இரவில் கரை உடையுமோ என்று அஞ்சிச் சென்ற துரைக்கு, வில்லேந்திய இருவர் கரையைக் காவல்புரியும் காட்சி கிடைத்ததென்றும், அதனால் அவர் தாயார் சந்நிதிக்குக் கைங்கரியம் செய்தாரென்றும், அன்று முதல் பெருமாள் ஏரி காத்த ராமராயினார் என்றும் கூறுவர். பக்தர்கள் அதனை எவ்வாறு கொண்டாடினும் கொண்டாடுக. யாம் கவனிப்பது வேறு. சர்க்காரும் கரையில் நின்றது, தெய்வமும் நின்றது, ஊரார் செய்த வேலையைக் கதை சொல்பவர் ஒருவரும் சொல்லுவதில்லை.

1858-ஆம் வருஷத்து முதலாவது சட்டம் குடிமராமத்துச் சட்டம் என்றே வழங்கிற்று. வெள்ளத்தால் கரை உடையும் அபாயம் நேர்ந்தால், ஊர்த் தலைவர் மூலமாக அக்கம்பக்கத்து உழைப்பாளி வகுப்பாருள் உடல்வலிவுள்ள ஆடவர் யாவரையும் வேலைக்கு அழைக்கலாம் என்று அச்சட்டம் கூறிற்று. வழக்கமாய்ச் செய்யவேண்டிய மராமத்தைச் செய்யாதவரிடம் அவ்வேலையின் கிரயத்தைப்போல் இருமடங்கு வசூலிக்கவும் இடம் தந்தது. மேரையும் மானியமும் போய்விட்டன. உழைப்பு மாத்திரம் சட்டக் கடமையாய் நின்றது. சுருங்கக் கூறின், பணப்பையைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. மண்வெட்டியைக் குடிகளிடமே விட்டுவைத்தது. குடிமராமத்து ஏன் அழிந்தது என்று ஆராய்வோர் பலர் குடிகளின் சோம்பலையும் ஊர்க் கட்சிகளையும் காரணமாகக் கூறுவர். அவையும் இல்லாமற் போகவில்லை. ஆனால் தனக்கு அதிகாரமில்லாத சொத்துக்கு ஆண்டுதோறும் மண் சுமக்க எவன்தான் மனமுவந்து வருவான்?

சுதந்தரத்திற்குப் பின்னும் இந்த ஏற்பாடு அடியோடு மாறவில்லை. பெரிய ஏரிகள் பொதுப்பணி இலாகாவிற்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் உரியவாயின. 1984 முதல் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தின் உதவியோடு ஏரிகளைப் புதுப்பிக்கும் வேலை நடந்தபோதுதான், உழவர் சங்கங்களை அமைத்து அவர்களையும் கலந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் மீண்டும் தலைதூக்கிற்று. சர்க்காருக்குப் புறத்தே, மதுரைப் பக்கத்தில் 1992-இல் வயலகம் என்னும் முயற்சி தோன்றியது. பின்னர் 1997-இல் நிறுவிய தானம் அறக்கட்டளை அதனை நடத்தி வருகின்றது. கண்மாய்தோறும் விவசாயிகளைச் சங்கமாக்கி, அவர்களிடம் பங்குத்தொகை திரட்டி, வேலையை அவர்களே நிர்வகிக்கச் செய்வது அதன் முறை. இவ்வாறு வெளியார் ஒருவர் ஊரில் வருஷக்கணக்கில் தங்கிச் சங்கத்தைப் பழக்கிய இடத்திற்கும், ஓர் ஆணையால் பதினைந்து நாளிற் சங்கம் பதிவாகிய இடத்திற்கும் வேற்றுமை பெரிது. 2000-ஆம் ஆண்டில் பாசன முறைமைகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்கான சட்டமொன்றும் தமிழ்நாட்டிற் பிறந்தது. சட்டம் பிறந்தது, அதிகாரம் இன்னும் தவழ்கின்றது.

இவற்றின் பின்னரே மணிமங்கலத்துக் குடிமராமத்து. அதனை முற்றும் குறைகூற யாம் வரவில்லை. தூர்ந்து கிடந்த வாய்க்கால்கள் பல துப்புரவாயின, மதகுகள் பழுதுபார்க்கப்பட்டன, ஆயக்கட்டுதாரர் என்ற சொல் பத்திரிகைகளில் மறுபடியும் வந்தது. ஆயினும், பல ஊர்களில் ஒப்பந்தக்காரரே சங்கத்தின் பெயரால் வேலை செய்தனர் என்றும், குடிகளின் பத்துப் பங்கைக் குடிகள் அல்லாதாரே கட்டினர் என்றும், வண்டல் என்ற பெயரால் மண் வெளியே போயிற்று என்றும் புகார்கள் எழுந்தன. எந்த ஏரியில் எந்த வேலை, எவ்வளவு மதிப்பீடு, எத்தனை கனமீட்டர் மண் என்பவற்றை நிர்ணயித்தது இலாகா. அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதியதும் இலாகா. கையெழுத்திட்டது சங்கம். இத்தகைய கூட்டில் சங்கத்தின் பெயரை எவரும் இரவல் வாங்கிக்கொள்ளலாமன்றோ?

இனி, ஆயக்கட்டுதாரர் என்பவர் யார் என்று கேட்போம். ஏரிப்பாசனத்தில் நிலமுடையவர் என்பது விடை. ஒரகடம் முதல் படப்பை வரை கண்ணெடுத்துப் பாருங்கள். நெல் விளைந்த புலங்களில் தொழிற்சாலைகளும் மனைப்பிரிவுகளும் எழுந்துள்ளன. மனை வாங்கிக் குடியேறியவருக்கு ஆயக்கட்டில் இடமில்லை. ஆனால் ஏரி உடைந்தால் முதலில் நனைவது அவர் வீடு. ஏரி வற்றினால் முதலில் வறள்வது அவர் ஆழ்துளைக் கிணறு. சேரியில் வாழும் ஆதிதிராவிட மக்களுக்கோ, நெல் விளைந்த காலத்திலும் ஆயக்கட்டில் இடமில்லை. கரையை உயர்த்தியவர் அவர். இரவில் மதகு திறக்கச் சென்றவர் அவர். பட்டாவில் மாத்திரம் அவர் பெயர் இல்லை.

ஏன் இல்லை என்பதும் இந்த ஜில்லாவின் சரித்திரமே. தரிசு நிலத்துக்கு அம்மக்கள் மனுச் செய்தால் மிராசு உரிமை குறுக்கே நின்றது. அக்கொடுமையை மிஷனரிமார் பலகால் எடுத்துக் கூறினர். கலெக்டர் திரெமென்ஹீர் துரை 1891-இல் அறிக்கை எழுதினார். 1892-இல் அவர்களுக்கென நிலம் ஒதுக்கச் சர்க்கார் உத்தரவு பிறந்தது. சர்க்கார் சாராத ஸ்தாபனம் சர்க்காருக்கு ஏவல்செய்து நிற்பதற்கே உரியது என்பாருக்கு இச்செய்தி விடையாகும். மண்வெட்டி தூக்குவது ஒரு தொண்டு. சர்க்கார் காணாத உண்மையை அதன் முன் வைப்பது மற்றொரு தொண்டு. அந்நாளில் அதனை எதிர்த்தவர் நிலமுடையோர். ஜாதிச் சங்கம் என்ற பெயரில் இங்கே கூடியிருக்கும் நாம், அந்த வழக்கில் நம் பாட்டனார் எந்தப் பக்கம் நின்றனர் என்று வீட்டில் விசாரிப்பது நலம்.

2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி மழையை எவரும் மறந்திரார். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. மேலேரிகள் வழிந்து, முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. அவ்வேளையில் மீனவர் தம் படகுகளோடு வந்தனர். பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் கதவு திறந்தன. ஜாதிச் சங்கங்களின் மண்டபங்களிலும் சோறு வெந்தது. துயர் நேர்ந்தவுடன் உதவுவதில் நம்மவர் எவர்க்கும் பின்வாங்கியவரல்லர். ஆனால் வெள்ளம் வடிந்தபின் வரத்துக்கால் எங்கே, போக்குக்கால் எங்கே என்று தேடுவதற்கு அவ்வளவு பேர் வரவில்லை. 2019-இல் ஜில்லா இரண்டாகப் பிரிந்தபோது படப்பையும் மணிமங்கலமும் காஞ்சிபுரத்தில் நிற்க, தாம்பரமும் முடிச்சூரும் செங்கற்பட்டைச் சேர்ந்தன. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆயிற்று. மேலேரிக்கு ஒரு கலெக்டர், கீழே நனையும் வீட்டுக்கு வேறொரு கலெக்டர். நீருக்கு மாத்திரம் இந்த எல்லை தெரியாது.

இவ்விடத்தில்தான் தொண்டு ஸ்தாபனங்கள் புகுந்தன. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுநலத்திற் செலவிட வேண்டும் என விதித்தபின், ஏரி சீர்திருத்தத்திற்குப் பொருள் வரத் தொடங்கிற்று. செம்பாக்கம் ஏரியில் நேச்சர் கன்சர்வன்சி என்னும் சர்வதேச ஸ்தாபனமும், கேர் எர்த் என்னும் சென்னை அறக்கட்டளையும், சென்னை ஐ.ஐ.டி.யும் கூடி வேலை செய்தன. இத்தகையோர் கொணரும் அறிவு பெரிது. பறவையையும் மீனையும் கணக்கெடுத்து, எவ்விடத்தில் எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்று நிர்ணயிக்க ஊராரால் இயலாது. இலாகாவும் பெரும்பாலும் செய்வதில்லை. ஆயினும் இவ்வகை வேலையெல்லாவற்றிற்கும் இரண்டு இடர்கள் உள. வீடுகளின் கழிவுநீர் ஏரிக்குள் வருவதை நிறுத்துவது நகரசபையின் கையில் உள்ளது. தொண்டர் எவ்வளவு தூர் வாரினும் அக்குழாய் அடைபடாது. மற்றொன்று, மூன்றாம் ஆண்டின் இடர். முதலாண்டில் இயந்திரமும் படம்பிடிப்போரும் வருவர். இரண்டாம் ஆண்டில் மரக்கன்றுக்கு வேலி வரும். மூன்றாம் ஆண்டில் ஆகாயத்தாமரையை அகற்ற யார் வருவர்? கம்பெனியின் பொருள் வேறு ஏரிக்குப் போயிருக்கும். அந்நிய நாட்டுப் பொருள் பெறும் ஸ்தாபனம் அதனை மற்றொரு ஸ்தாபனத்திற்கு மாற்றித் தரலாகாது என 2020-இல் சட்டத்தைத் திருத்தியபின், பெரிய ஸ்தாபனங்கள் வழியாகச் சிறு ஊர்ச் சங்கங்களுக்கு வந்த அவ்வகை உதவியும் நின்றது. ஆதலின் உள்ளூரிற் சேர்க்கும் ரூபாயின் மதிப்பு முன்னிலும் உயர்ந்திருக்கின்றது என்பதில் ஐயமில்லை.

ஆகவே நம் யோசனைக்கு வருவோம். பொருள் கொடுக்கலாம் என்பதே எம் கருத்து. முதலாண்டு விழாவுக்குக் கொடாமல், ஒரே தொகையாக பாங்கியில் இட்டு, அதன் வட்டியை ஆண்டுதோறும் வரத்துக்கால் பராமரிப்புக்கு மாத்திரம் கொடுக்கலாம். அப்பொருளைச் செலவிடும் குழு நம் சங்கத்தின் குழுவாயிருத்தல் கூடாது. நிலமுடையோர், மனைவாசிகள், சேரியினர், ஆடுமாடு மேய்ப்போர், பெண்மக்கள் என ஏரியால் வாழ்வோர் யாவரும் உள்ள ஊர்க்குழுவாயிருத்தல் வேண்டும். அதில் நம்மவர் ஊரார் என்ற முறையில் இருக்கட்டும். குலத்தார் என்ற முறையில் வேண்டா. பெயர்க்கல் யோசனையைக் கைவிடுமாறு அன்பர்களை வேண்டுகின்றோம். நம் பெயரிற் கல் நட்டால் அடுத்த வகுப்பார் எதிர்க்கரையில் நடுவர். இரண்டு கல்லுக்கும் நடுவே ஏரி வழக்கில் கிடக்கும்.

சர்க்காரிடம் நாம் கேட்க வேண்டியது பணமன்று. மதிப்பீட்டின் நகல், வேலை முடிந்தபின் அளவுப் புத்தகத்தின் நகல், கரையில் நின்று ஊரார் முன்னிலையில் அளக்கும் வழக்கம் ஆகிய மூன்றையும் கேட்போம். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கின்றது. கேளாமல் இருப்பது நம் குற்றமேயன்றிச் சட்டத்தின் குற்றமன்று. இலாகாவினர் இதனைச் சந்தேகமாகக் கொள்வரோ என்று ஒருவர் கேட்டார். நேர்மையான இஞ்சினீருக்குக் கணக்கு கேட்கும் ஊரார் துணையே. கீழ்மேல் நெருக்குதல்களுக்கு இடையே அவர் சுட்டிக்காட்ட ஒரு சாட்சி கிடைக்கின்றதன்றோ?

இன்னொன்று, சொல்லக் கசப்பானது. வரத்துக்காலை அளக்கப் புகுந்தால் அதன்மேல் எழுந்த சுவர்களும் கணக்கில் வரும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் சட்டம் உள்ளது. அச்சுவர்களில் சில நம் உறுப்பினருடையனவாய் இருக்கக்கூடும். அவ்வாறாயின், ஏழையின் குடிசைக்கு முன்னர் நம்மவர் சுவரே முதலில் பின்வாங்குவதாக இச்சபை தீர்மானம் செய்யுமா? செய்யின் பொருளை அடுத்த மாதமே வழங்கலாம். செய்யாதாயின், அப்பொருளை மாணவர் உபகாரச் சம்பளத்திற்கே திருப்புவது நேர்மை என்பது எம் எண்ணம். வாக்கெடுப்பை அக்கிராசனாதிபதி அவர்கள் நடத்துவார்கள்.

2022 முதல் கிராம சபைகள் ஆண்டிற்கு ஆறுமுறை கூடுமாறு ஏற்பாடாகியிருக்கின்றது. அவற்றுள் ஒன்று உலக நீர் தினமாகிய மார்ச்சு 22. அந்நாளில் ஏரிக் கணக்கைக் கேட்க விரும்புவோர் தம் பெயரைக் காரியதரிசியிடம் கொடுத்துச் செல்க. பெண்மக்களும் தவறாது வருக. பழைய கிராம வரைபடம் வைத்திருப்போர் அதனை நகலெடுக்கத் தருக. வரத்துக்கால் எந்தப் புலத்தின் வழியே ஓடிற்று என்று நினைவுள்ள பாட்டனோ பாட்டியோ எவர் வீட்டிலேனும் இருப்பின், முன்னதாகச் சொல்லுங்கள். அவர்களை அழைத்து வர வண்டி அனுப்புவோம்.